வன்னி வளவில் ஒரு பாலை மரம்: முதன்முதலாக நடுகிறவர்களுக்கு

வருசம் முழுக்கப் பச்சையாக நிற்கிற மரம் ஒன்று வளவில் வேண்டும் என்று கேட்கிற ஆட்கள் வன்னியில் இப்போது நிறைய. 2009க்குப் பிறகு மீளக்குடியேறிய காணிகள் பலவற்றில் வீடு வந்துவிட்டது, கிணறு வந்துவிட்டது, மதில்கூட வந்துவிட்டது, நிழல் மட்டும் இன்னும் வரவில்லை. வைகாசி பிறந்து தென்மேற்குக் காற்றான சோளகம் வீசத் தொடங்கினால் புழுதி நேரே குசினிக்குள் வருகிறது. இப்படிக் கேட்பவர்களில் சிலர் மலைநாட்டுக்குச் சுற்றுலா போய் அங்கே பைன் காட்டைக் கண்டு ஆசைப்பட்டு, அந்த மரம் எங்கே வாங்கலாம் என்று விசாரிக்கிறார்கள். ஆசையில் பிழையில்லை. ஆனால் அவர்கள் தேடுகிற குணம் எல்லாம் உள்ள மரம் ஒன்று கண்டி வீதியின் இரண்டு பக்கமும், மாங்குளத்திலிருந்து கனகராயன்குளம் வரைக்கும், காடு மிஞ்சிய இடத்தில் எல்லாம் நிற்கிறது. பாலை மரம். இந்தக் கட்டுரை அதை எப்படி வளர்ப்பது என்பது பற்றியது.

பைன் விசயத்தை முதலில் முடித்துவிடுவோம். இலங்கைக்கு இயற்கையாகச் சொந்தமான பைன் இனம் ஒன்றுமே இல்லை. மலைநாட்டில் நீங்கள் படம் எடுத்துக்கொண்ட மரங்கள் பெரும்பாலும் கரீபியன் பைன், மத்திய அமெரிக்காவையும் கரீபியன் பகுதியையும் சேர்ந்தவை, கடந்த நூற்றாண்டில் கொண்டுவந்து நட்டவை. முல்லைத்தீவுக் கடற்கரையில் காற்றுக்கு இரைகிற சவுக்கைப் பைன் என்று நினைப்பவர்களும் உண்டு, அதுவும் பைன் இல்லை. சவுக்கில் ஊசி மாதிரித் தெரிவது இலைகூட இல்லை, மெல்லிய பச்சைக் கொப்பு. உண்மையான இலை அந்தக் கொப்பின் கணுக்களில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும். கடற்கரை மணலுக்கு அது வேலை செய்யும், ஆனாலும் வெளியிலிருந்து வந்த மரம்தான்.

சரி, என்றும் பச்சை மரம் என்றால் என்ன? இலையே கொட்டாத மரம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு மரம் உலகத்தில் இல்லை, எல்லா இலைக்கும் ஒரு வயது உண்டு. தேக்கையும் முதிரையையும் பாருங்கள், கோடையில் இலையை மொத்தமாக உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். தண்ணீர் இல்லாத காலத்தில் செலவைக் குறைக்க அவை எடுத்த வழி அது. பாலை, வீரை, கருங்காலி மாதிரியான மரங்கள் கிடுகுக் கூரையில் பழுதான கிடுகை மட்டும் பார்த்து மாற்றுவது போல, வயதான இலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துப் புது இலையை விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் எந்த மாதம் பார்த்தாலும் தலை பச்சையாக இருக்கும். அடியில் சருகு கிடக்கும், அதைப் பார்த்து மரம் படுகிறது என்று பயப்பட வேண்டாம்.

நாட்டு மரம் என்பதற்கும் ஒரு வரி சொல்ல வேண்டும், ஏனென்றால் பழகிய மரம் எல்லாம் நாட்டு மரம் ஆகாது. புளி ஆபிரிக்காவிலிருந்து வந்தது. வன்னியில் வன இலாகா வரிசை வரிசையாக வளர்த்திருக்கிற தேக்கு இலங்கைக்கு வெளியிலிருந்து வந்தது. வேலியில் நிற்கிற இப்பிலும், பற்றையாகப் படர்ந்திருக்கிற நாயுண்ணியும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். இவற்றில் சில நமக்கு நல்ல உபயோகமானவை, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் கைபடாமலே இந்த மண்ணில் முளைத்து, இந்த மழையையும் இந்தக் கோடையையும் பல ஆயிரம் வருசம் கண்டு பழகிய மரங்கள் வேறு ரகம். வில்பத்திலிருந்து மடு, நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் வரை பரந்த காட்டின் மேல்தட்டில் நிற்பவை அவைதான், அதில் பாலைக்கும் வீரைக்கும் முதல் இடம்.

இனி இந்தக் கட்டுரையின் முக்கியமான விசயத்துக்கு வருகிறேன், இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். வன்னியில் மழை வருசத்துக்கு ஏறத்தாழ 1,000 முதல் 1,500 மில்லிமீற்றர் வரை பெய்கிறது, மன்னார்ப் பக்கம் குறைவு, முல்லைத்தீவுப் பக்கம் கூட. அளவில் அது மோசமில்லை. சிக்கல் எங்கே என்றால், அதில் பெரும் பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி, தை வரைக்கும் உள்ள மாரியில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. சித்திரையில் கொஞ்சம் இடிமழை வரும். அதன்பிறகு வைகாசியிலிருந்து ஆவணி, புரட்டாதி வரைக்கும் வானம் வெறுமை, அதோடு சோளகக் காற்று வேறு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். இப்படிப்பட்ட நான்கைந்து மாதத்தை இலையைக் கொட்டாமலே கடக்க வேண்டும் என்றால் ஒரு மரத்துக்கு இரண்டு விசயம் தேவை. ஒன்று, தண்ணீரை வீணாக விடாத தடித்த இலை. பாலை இலையைக் கையில் பிடித்துப் பாருங்கள், தோல் போன்ற கனமும் மேற்பக்கத்தில் ஒரு மினுக்கமும் இருக்கும். அந்த மினுக்கம் மெழுகுப் பூச்சு. மற்றது, மேல்மண் காய்ந்த பிறகும் ஈரம் இருக்கிற ஆழத்துக்குப் போகிற வேர். மரத்தைக் காப்பாற்றுவதில் பெரிய பங்கு அந்த வேருக்குத்தான்.

அதனால் பாலைக் கன்று முதலில் கீழே வளர்கிறது. மேலே ஒரு சாண் தெரிகிற கன்று மண்ணுக்குள் அதைவிட எவ்வளவோ ஆழத்துக்கு ஆணிவேரை இறக்கியிருக்கும். முதல் சில வருசம் கன்று வளரவில்லை, நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று மனம் சலித்துப் பிடுங்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள். அது வளராமல் நிற்கவில்லை, நாம் பார்க்காத பக்கத்தில் வளர்ந்துகொண்டிருக்கிறது. விதை போடுவது, பை தெரிவு செய்வது, நடுகிற மாதம், தண்ணீர் ஊற்றுகிற விதம் என்று கீழே நான் சொல்லப்போகிற ஒவ்வொன்றும் அந்த ஆணிவேரை மடங்காமல், உடையாமல், சோம்பேறியாக்காமல் கீழே இறங்க விடுவதற்காகத்தான்.

மரத்தை அடையாளம் காண்பது கடினமில்லை, ஆனால் பாலை என்ற பெயரில் வேறு மரங்களும் இருப்பதால் கவனம் வேண்டும். ஏழிலைப்பாலை வேறு, வெப்பாலை வேறு, அவை இரண்டும் இதற்கு உறவுகூட இல்லை. நாம் பேசுகிற பாலை சப்போட்டாவுக்கும் இலுப்பைக்கும் சொந்தக்கார மரம், தாவரவியலில் மணில்காரா ஹெக்சாண்ட்ரா என்பார்கள், தமிழ்நாட்டில் உலக்கைப் பாலை என்றால் தெரியும், சிங்களத்தில் பலு. இலை இரண்டு முதல் நான்கு அங்குல நீளம், கொப்பு நுனியில் கொத்தாகச் சேர்ந்திருக்கும், இலையின் நுனி கூராக இல்லாமல் உள்ளே சின்னதாக வெட்டுப்பட்டது போல இருக்கும். இந்த வெட்டுத்தான் நல்ல அடையாளம். பட்டை கருஞ்சாம்பல் நிறம், ஆழமாக வெடித்துக் கட்டம் கட்டமாக இருக்கும். கீறினால் பால் வரும். பழம் மஞ்சள், விரல் நுனி அளவு, உள்ளே பெரும்பாலும் ஒரே ஒரு விதை, கபில நிறத்தில் பளபளப்பாக.

பழம் வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆனி, ஆடியில் விழும். வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பழத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. தேன் இனிப்பு, தின்று முடிய உதடு பிசின் மாதிரி ஒட்டும், கொஞ்சம் எண்ணெய் தடவினால் விடும். காட்டில் கரடிக்கும் குரங்குக்கும் மரநாய்க்கும் வெளவாலுக்கும் பறவைகளுக்கும் இது பெரிய விருந்து, அவைதான் விதையைச் சுமந்துபோய் வேறு இடங்களில் போடுகின்றன. எல்லா வருசமும் ஒரே அளவில் காய்க்காது, ஒரு வருசம் அள்ளிக் கொட்டும், அடுத்த வருசம் ஏமாற்றும். ஆகவே நல்ல காய்ப்பு வருகிற வருசத்தில் விதையை விடாதீர்கள்.

விதைக்காகக் காட்டுக்குள் இறங்க வேண்டியதில்லை. கோயில் வளவில், பாடசாலை வளவில், வைரவரோ பிள்ளையாரோ இருக்கிற மரத்தடியில், வீதிக்கரையில் விழுந்து கிடப்பதே போதும். ஒதுக்குக் காட்டுக்குள் போய் எதையும் எடுப்பதற்கு அனுமதி வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் எல்லோருக்கும் தெரியும்: மிதிவெடி அபாயப் பலகை நிற்கிற இடத்தில், பழைய பலகையாக இருந்தாலும், மரத்துக்காகவோ விறகுக்காகவோ கால் வைக்கக் கூடாது. காட்டுக் கன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து நடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். சட்டத்தை விடுங்கள், அந்தக் கன்றைப் பிடுங்கும்போது ஆணிவேர் பாதியில் அறும். ஒரு கிழமை பச்சையாக நின்று ஏமாற்றிவிட்டுப் பிறகு காய்ந்துபோகும்.

நன்றாகப் பழுத்து விழுந்த பழங்களை எடுத்து, சதையைப் பிதுக்கி, விதையை மணலோடு சேர்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். பிசுபிசுப்புப் போக வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு வரும், பூஞ்சணம் பிடிக்கும். தண்ணீரில் போட்டால் மிதக்கிற விதைகளை விட்டுவிட்டுத் தாழ்கிறவற்றை எடுங்கள். நிழலில் ஒரு நாள் உலர்ந்தால் போதும், உடனே போட்டுவிட வேண்டும். போத்தலில் அடைத்து வைத்து மாரிக்குப் போடலாம் என்று நினைப்பது வீண், இந்த விதைக்கு ஆயுள் குறைவு. ஓடு மிகத் தடிப்பு என்பதால் போடுவதற்கு முன் ஒரு பக்கத்தைக் கல்லில் லேசாக உரசிவிடலாம். விதையின் ஒரு ஓரத்தில் மங்கலான ஒரு வடு தெரியும், அந்தப் பக்கத்தைத் தொடாமல் மற்றப் பக்கத்தை உரசுங்கள், உள்ளே பருப்பு தெரிகிற அளவுக்குப் போக வேண்டாம். பிறகு ஓர் இரவு தண்ணீரில் ஊறப் போட்டு, அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். முளை ஒரே நாளில் எல்லாம் வராது. சில விதை சில கிழமைகளில் வரும், சிலது மாதக்கணக்கில் எடுக்கும், சிலது வராமலே போகும். அதனால் இரண்டு கன்று வேண்டும் என்றால் இருபது முப்பது விதை போடுங்கள். அணிலும் எலியும் கிளறும், மேலே கம்பி வலை ஒன்றைப் போட்டு வைப்பது நல்லது.

பையைப் பற்றி. கடையில் கிடைக்கிற சின்னப் பொலித்தீன் பை கத்தரி, மிளகாய் நாற்றுக்குச் சரி, பாலைக்குச் சரிவராது. குறைந்தது ஓர் அடி ஆழமுள்ள பை வேண்டும், அகலம் பெரிதாக இருக்கத் தேவையில்லை. மண், மணல், மக்கிய மாட்டெரு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பலாம். ஆழம் குறைந்த பையில் ஆணிவேர் அடியில் முட்டித் திரும்பிச் சுருண்டுகொள்ளும், அப்படிச் சுருண்ட வேர் நிலத்துக்குப் போன பிறகும் நேரே இறங்குவதற்குத் தடுமாறும். பை இருக்கிற இடமும் முக்கியம். நேரடியாக நிலத்தில் வைத்தால் வேர் பையைத் துளைத்துக் கீழே இறங்கிவிடும், தூக்கும்போது அறுந்துவிடும். கல்லின் மேலோ பலகைத் தட்டிலோ வையுங்கள், மாதம் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். அரை நிழல் போதும், காட்டிலும் பாலைக் கன்று வேறு மரங்களின் நிழலில்தான் தொடங்குகிறது.

இந்த ஆடியில் போட்ட விதை இந்த ஐப்பசிக்கு நிலத்துக்குப் போகாது. ஒரு முழு மாரியும் ஒரு முழுக் கோடையும் பையில் இருக்க வேண்டும், அடுத்த வருசம் ஐப்பசியில்தான் நடவு. நடுவதற்கு முந்தின ஒன்றிரண்டு மாதத்தில் நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வெயிலுக்குப் பழக்குங்கள்.

நடுகிற இடத்தைத் தெரிவு செய்யும்போது கன்றைப் பார்க்காதீர்கள், ஐம்பது வருசத்துக்குப் பிறகு நிற்கப்போகிற மரத்தை மனதில் வையுங்கள். பாலை அறுபது, எழுபது அடி உயரம்கூடப் போகும், தலை அகலமாகப் பரவும். வீட்டுச் சுவரிலிருந்து இருபத்தைந்து அடியாவது தள்ளி, கிணற்றிலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் தள்ளி, மின்கம்பிக்கு நேர்கீழே வராமல் இடம் எடுங்கள். கால் ஏக்கர் வளவில் ஒன்று தாராளம். எந்தப் பக்கம் என்று கேட்டால், வீட்டுக்கு மேற்கோ தென்மேற்கோ என்பேன். பின்நேர வெயில் வருகிற பக்கமும் சோளகம் வருகிற பக்கமும் அதுதான். வருசம் முழுக்க இலை உள்ள மரம் காற்றைத் தடுக்கிற வேலையை மதிலைவிட நன்றாகச் செய்யும், ஏனென்றால் மதிலில் மோதிய காற்று மேலேறி மறுபக்கத்தில் சுழன்று விழும், இலையோ காற்றைக் கொஞ்சம் உள்ளே விட்டு வேகத்தைக் குறைத்துவிடும். தேக்கு இந்த வேலைக்கு உதவாது, சோளகம் கடுமையாக இருக்கிற நேரத்தில் அது இலையில்லாமல் நிற்கும்.

மண் என்று பார்த்தால் தண்ணீர் வடிகிற செம்மண்தான் பாலைக்குப் பிடித்தது. கொஞ்சம் கிரவல் கலந்திருந்தாலும் பரவாயில்லை. தண்ணீர் தேங்கி நிற்கிற பள்ளக் காணி, குளக்கட்டுக்குக் கீழே உள்ள வயல் ஓரம் என்றால் பாலையைப் போட்டு மினக்கெடாதீர்கள், அங்கே மருதோ நாவலோ நடுங்கள், அவை ஈரத்தில் சந்தோசமாக வளரும், அவையும் நாட்டு மரம்தான். முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களி கோடையில் கைபோகிற அளவுக்கு வெடிக்கும், அந்த வெடிப்பு இளம் வேரை அறுக்கும். அப்படிப்பட்ட காணியில் மேடான ஒரு மூலை இருந்தால் அங்கே முயற்சி செய்யலாம். வளவு சின்னது என்றால் வீரை நல்லது, பாலையைவிடச் சின்ன மரம், அடர்ந்த கரும்பச்சை, சிவப்புப் பழம், குருவிகள் விட்டுப்போகாது.

குழி இரண்டு அடிக்கு இரண்டு அடி, ஆழமும் இரண்டு அடி. வன்னிச் செம்மண் கோடையில் கல் மாதிரி இறுகியிருக்கும், அலவாங்கு இல்லாமல் நடக்காது. அதனால் முதல் மழை ஒன்று விழுந்து மண் இளகிய பிறகு வெட்டுங்கள். குழியின் அடியில் அலவாங்கை இன்னும் ஓர் அடி இறக்கி மண்ணைக் குத்தி இளக்கிவிடுவது பெரிய உதவி, ஆணிவேருக்கு வழி திறந்த மாதிரி. எடுத்த மண்ணையே திரும்பப் போடுங்கள், ஒன்றிரண்டு கூடை பழைய எருவைக் கலக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். குழி முழுக்க எருவும் வண்டல் மண்ணுமாகச் சொகுசாக நிரப்பினால் வேர் அந்தச் சொகுசைவிட்டு வெளியே போகாது. யூரியா போடவே வேண்டாம். பையைப் பிளேட்டால் கீறி எடுத்து, மண் உதிராமல், பையில் இருந்த அதே மட்டத்தில் கன்றை வைத்து மண் அணைத்து, காலால் மெதுவாக மிதித்துவிடுங்கள்.

ஏன் ஐப்பசி? அந்த மாதம் நட்டால் கன்றுக்கு மூன்று மாத ஈரம் முழுதாகக் கிடைக்கும், தை பிறந்து மேல்மண் உலரத் தொடங்கும்போது வேர் ஓரளவு கீழே போயிருக்கும். மார்கழிக் கடைசியில், மரநடுகை விழா ஒன்றில் கிடைத்த கன்றை நட்டால் அந்தக் கால அவகாசம் போய்விடும், முதல் கோடையிலேயே கன்று தவிக்கும். அப்படிக் கிடைத்த கன்றைப் பையிலேயே வைத்து, அடுத்த ஐப்பசிக்கு நடுவது நல்லது.

மூன்று கோடைதான் உங்கள் வேலை. அதற்குப் பிறகு மரம் தன்னைப் பார்த்துக்கொள்ளும். இந்த மூன்று கோடையிலும் தண்ணீர் ஊற்றுகிற முறைதான் மரத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது, இங்கேதான் அன்பு மிகுந்தவர்கள் கெடுத்துவிடுகிறார்கள். தினமும் பின்நேரம் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் அது இரண்டங்குல மண்ணை நனைத்து நின்றுவிடும். ஈரம் மேலேயே கிடைக்கும்போது வேர் ஏன் கீழே போகப்போகிறது? அது மேலேயே படர்ந்துகொள்ளும், ஒரு கிழமை நீங்கள் வீட்டில் இல்லாவிட்டால் கன்று முடிந்தது. அதற்குப் பதிலாக, முதல் கோடையில் நான்கைந்து நாளுக்கு ஒரு தடவை ஒரு பெரிய வாளித் தண்ணீரை அவசரப்படாமல் மெதுவாக இறங்க விடுங்கள். இரண்டாவது கோடையில் பத்து நாளுக்கு ஒரு தடவை. மூன்றாவது கோடையில் இலை வாடுகிறதா என்று பார்த்து மாதத்துக்கு இரண்டு தடவை. பிறகு நிறுத்திவிடலாம். நந்திக்கடல், பூநகரிப் பக்கம் கிணறு உவர்த்திருந்தால் கன்றுக்கு அந்தத் தண்ணீரை ஊற்ற வேண்டாம், கோடையில் உப்பு மண்ணிலேயே தங்கிவிடும், மழை வந்து கழுவும் வரை போகாது.

தண்ணீர் தட்டுப்பாடான இடங்களுக்கு மண்முட்டி நல்ல வழி. சுடுமண் முட்டி ஒன்றை, மினுக்குப் பூச்சு இல்லாததாகப் பார்த்து, கன்றிலிருந்து ஓர் அடி தள்ளி வாய் மட்டும் வெளியே தெரிய மண்ணில் தாழ்த்துங்கள். தண்ணீர் நிரப்பி மூடியால் மூடிவிட்டால், முட்டியின் சுவர் வழியாக ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசியும், சுற்றியுள்ள மண் காயக் காயத்தான் அது கசியும் என்பதால் வீணாவது மிகக் குறைவு. கன்றைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குச் சருகும் பொச்சுமட்டையும் பரப்பி மண்ணை மூடுங்கள். தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள், நான்கு விரல் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் கறையான் தண்டுக்கு ஏறும். மாரியில் பாத்தியின் ஒரு பக்கத்தை வெட்டிவிடுங்கள், கன்று தண்ணீரில் நிற்கக் கூடாது.

வெயிலைவிடப் பெரிய எதிரி கட்டாக்காலி மாடும் ஆடும். ஒரு இரவு போதும். முள்ளுக்கம்பிக்குக் காசில்லை என்றால் நான்கு கட்டை நட்டு அலம்பல் வைத்து அடையுங்கள், சூரை முள்ளு கிடைத்தால் இன்னும் நல்லது. மேற்குப் பக்கத்தில் ஒரு கிடுகைச் சாத்திவிட்டால் முதல் கோடையின் பின்நேர வெயிலுக்கும் காற்றுக்கும் மறைப்பு. அடுத்தது நெருப்பு. மாரியில் ஆள் உயரத்துக்கு வளர்கிற கினிப்புல் ஆடி, ஆவணியில் காய்ந்து எரிகிற பொருளாக நிற்கும், எங்கேயோ குப்பை கொளுத்தியவருடைய நெருப்பு காற்றோடு வந்து உங்கள் கன்றையும் எடுத்துக்கொண்டு போகும். பங்குனிக்குள் கன்றைச் சுற்றி ஆறடிக்குப் புல்லைச் செருக்கி வெறுமையாக்குங்கள். மருந்து அடிக்க வேண்டாம், மண்வெட்டி போதும்.

இவ்வளவு ஆறுதலாக வளர்கிற மரத்தை நம்பி நிழலுக்குக் காத்திருக்க முடியாது என்று நீங்கள் சொன்னால் அது நியாயம்தான். காத்திருக்கவும் தேவையில்லை. பாலையை நடுகிற அதே நாளில், அதற்கு மேற்கே ஆறேழு அடி தள்ளி முருங்கையும் அகத்தியும் கிளிசரியாவும் ஊன்றிவிடுங்கள். இரண்டு வருசத்தில் அவை நிழல் தரும், கறிக்குக் கீரையும் ஆட்டுக்குக் குழையும் தரும், பாலைக் கன்றுக்குக் காட்டில் கிடைக்கிற மாதிரி அரை நிழலும் தரும். பாலை அவற்றின் உயரத்தைத் தொடும்போது ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துவிடலாம். அகத்திக்கு எப்படியும் ஆயுள் குறைவு. காடு தானாக வளர்கிற முறையும் ஏறத்தாழ இதுதான், அவசரக்கார மரங்கள் முதலில், ஆறுதலான மரங்கள் அவற்றின் மடியில்.

பாலை ஆறுதலாக வளர்வதால்தான் அதன் வைரம் அந்த உறுதி. நல்ல வைரமேறிய பாலைக் கட்டை தண்ணீரில் தாழும். உலக்கைக்கும், தூணுக்கும், பழைய காலத்தில் ரயில் பாதையின் குறுக்குக் கட்டைக்கும் அதைத் தேடியது அதனால்தான். காட்டில் பெரிய பாலைகள் குறைந்துபோனதற்கும் அதுவே காரணம். ஒரு பெரிய பாலை போய்விட்டால் அதே அளவில் இன்னொன்று வர நம் ஆயுள் காணாது, ஆகவே வளவுக்கு ஒன்று என்று நடுவது எனக்கு அழகு விசயமாக மட்டும் தெரியவில்லை. இரணைப்பாலை என்று ஊருக்குப் பெயர் வைத்த இடத்தில் பாலைக் கன்று ஒன்று நடப்படாமல் இருந்தால் மனதுக்குக் கஷ்டமாக இருக்கும்.

கொப்பு வெட்டுவதில் அவசரம் வேண்டாம். கன்று கீழிருந்தே கிளை விட்டால் முதல் ஐந்தாறு வருசம் அப்படியே விடுங்கள், அந்த இலைகள்தான் தண்டுக்குத் தடிப்புத் தருகின்றன, வெயிலிலிருந்து பட்டையையும் மறைக்கின்றன. பிறகு வழியை மறிக்கிற கீழ்க்கொப்புகளை மட்டும், பால் குறைவாக ஓடுகிற கோடையில் வாளால் அறுத்து எடுக்கலாம். காட்டோரத்தில் குடியிருப்பவர்கள் மரம் காய்க்கத் தொடங்கிய பிறகு ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விழுந்த பழங்களைப் பின்நேரமே கூட்டி அள்ளிவிடுங்கள், இரவில் அந்த மணத்துக்குக் கரடி வரக்கூடும்.

கடைசியாக, புதிதாகக் காணி வாங்கியவர்களுக்கும் பற்றைக் காணியைத் துப்புரவாக்கப் போகிறவர்களுக்கும். பெக்கோவைக் கூப்பிடுவதற்கு முதல் நாள் ஒரு தடவை காணியைச் சுற்றி நடந்து பாருங்கள். நாயுண்ணிப் பற்றைக்குள் நுனி வெட்டுப்பட்ட இலையோடு இடுப்பளவுக் கன்று ஏதும் நின்றால், அது ஏற்கெனவே பல வருசம் வேர் இறக்கிய பாலை, நீங்கள் விதையிலிருந்து கொண்டுவரப்போவதைவிட எவ்வளவோ முன்னுக்கு நிற்கிறது. சிவப்புத் துணி ஒன்றைக் கட்டி, நான்கு கட்டை அடித்து, மெசின் ஓட்டுகிறவரிடம் காட்டிச் சொல்லிவிடுங்கள். பெரிய மரமே நின்றால் அதன் அடியைச் சுற்றிக் கிரவல் கொட்டி உயர்த்தாதீர்கள், சீமெந்துத் திண்ணை கட்டி இறுக்காதீர்கள், ரக்ரர் நிறுத்துகிற இடமாக்காதீர்கள். மண் இறுகினால் வேருக்கு மூச்சு இல்லை, மரம் உடனே சொல்லாது, ஐந்தாறு வருசம் கழித்து உச்சிக் கொப்பு காயத் தொடங்கும்போதுதான் தெரியும், அப்போது செய்யக்கூடியது கொஞ்சம்தான். கொப்பு பரவியிருக்கிற எல்லை வரைக்குமாவது நிலத்தை அப்படியே, சருகோடு விட்டுவிடுங்கள்.